பொன்னம்மையின் போணி

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில், சாமிக்கு நேர்ந்து எறிந்து உடைக்கும் விடலைத் தேங்காய் விற்கும் திரவியம் அண்ணாச்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் பாங்கில் பொறுக்கியது. கடை வைக்க லோன் வாங்கியபோது இன்ட்ரெஸ்ட், மகன் கிரீஷைக் காலேஜில் சேர்த்தபோது டெபாசிட், மனைவி பொன்னம்மை ஆஸ்பத்திரியில் படுத்தபோது நாமினி. பக்கத்தில் பூக்கடை போட்டிருக்கும் எனக்கு அவர் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும், மூடவே மூடாது. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பொன்னம்மை கைராசிக்காரி. அவள் போணி பண்ணாமல் அண்ணாச்சி ஒரு தேங்காயையும் விற்கமாட்டார். மூட்டுவலி வந்து கரமனையில் உள்ள வீட்டோடு கிடக்கத் தொடங்கிய பிறகு, தினமும் காலையில் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்புவாள். பணம் வந்தால் மலையாளத்தில் சொல்லும் பெட்டி ஒன்று கடையில் உண்டு. "ஒரு ரூபா லபிச்சு" என்று அது சொன்ன பிறகுதான் வியாபாரம்.

அவள் செத்துப் பதினாறு முடிந்து கடை திறந்த காலையிலும் பெட்டி பேசியது.

"ஒரு ரூபா லபிச்சு."

என் கையிலிருந்த பூக்கூடை கவிழ்ந்தது. அண்ணாச்சி சிரித்தார்.

"பேடிக்காத ஷீலா. ஆட்டோபே ஆக்கும், தினமும் தானா வரும். அவ அக்கவுண்ட்ல டெபிட், நமக்கு கிரெடிட். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே கிரீஷ வச்சு ஏற்பாடு பண்ணிட்டா."

"அவ போனது பாங்குக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரிஞ்சா அக்கவுண்ட் க்ளோஸ். பின்னே போணிக்கு நான் எங்க போவேன்?"

பேலன்ஸ் குறையக் குறைய, செத்தவள் கணக்கில் அவரே பணம் போட்டார். பைத்தியமா உமக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கேட்கத் தோன்றாது.

கிரீஷ் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு டெத் சர்டிபிகேட்டைப் பாங்கில் கொடுத்துவிட்டான். கணக்கை முடித்து, மிச்சப் பணத்தை அண்ணாச்சி கையில் கொடுத்தார்கள்.

"இனி வராது ஷீலா. அவ இப்பதான் போயிருக்கா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை தேங்காயை அடுக்கி வைத்தார், விற்கவில்லை. மாலை போட்ட சாமிமார் ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நில்லுங்க சாமி, போணி ஆகல."

பெட்டி வாயைத் திறக்கவில்லை. சாமிமார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவரோ அந்தப் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. நானே ஒரு ரூபாய் அனுப்பிவிட்டால் யார் அனுப்பியது என்று மனுஷனுக்குத் தெரியவா போகிறது? போனை எடுத்து, எட்டி நின்று அவர் கடையின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, ஒன்று என்று தட்டினேன்.

"ஒரு ரூபா லபிச்சு."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தேங்காயை எடுத்துக் கொடுத்தார்.

பணத்தை அனுப்ப என் போன் இன்னும் பின் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தது.