செராங்கூன் கொட்டகையில் என் தம்பியின் பெயர்

காலை ஒன்பது மணிக்குத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அது ஜப்பான்காரர்கள் வைத்த தோக்கியோ நேரம். வெயிலைக் கேட்டால் ஏழரைதான் சொல்லும். கோலாலம்பூரிலிருந்து இருநூற்று நாற்பது மைல் சொச்சம், பாதி தூரம் நின்றுகொண்டே வந்தேன். ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் சிங்கப்பூர்தான் வருகிறது.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஒரு கஞ்சிக் கொட்டகை நடத்துகிறோம். சயாம் ரயில் பாதைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளுக்காகத் தொடங்கியது. அந்த வீட்டுப் பெண்களே இப்போது வருவதில்லை. வருவதை முதலில் நிறுத்தியவள் என் தம்பி மனைவி வள்ளி. பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிவிட்டார்கள். செராங்கூனில் இதே வேலை நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்த்துவரக் கிளம்பினேன்.

மூன்று மைல் நடை. பதினொரு மணிக்குக் கொட்டகையில் நல்ல கூட்டம். கரண்டி பிடித்திருந்தவர் காமாட்சியம்மாள், நெற்றி நிறையக் குங்குமம். அவர் வீட்டுக்காரரும் சயாமில்தான். மரவள்ளியைச் சீவிக் காயவைத்து மாவாக்கினால் கஞ்சி கெட்டியாகும் என்று எங்கள் ஊர் வழியைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"உங்க ஊர்ல எப்படி உக்கார வைக்கிறீங்கண்ணே?"

"சயாமுக்குப் போனவங்க வீட்டுப் பொண்ணுங்களைத் தனி வரிசையில வச்சு, முதல்ல ஊத்துவோம்மா. பாவம்னு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "தாலியோட இருக்கிறவளத் தனியா உக்கார வச்சு பாவம்னா, அதுக்கு என்ன அர்த்தம்ணே? அப்புறம் எப்படி வருவா? இங்க அவங்கதான் ஊத்துறாங்க, மத்தவங்க வாங்கிக்கிறாங்க லா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வள்ளியை நானே கைப்பிடித்து அந்த வரிசையில் உட்காரவைத்திருந்தேன்.

அங்கே இன்னொரு வழக்கம். அந்தப் பெண்கள் தங்கள் பங்கை வாங்கும்போது, போனவர் பெயரைச் சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள் அல்லவா, பக்கத்தில் இருப்பவள் சொல்கிறாள். "ராமசாமி வீட்டுக்கு." "அந்தோணி வீட்டுக்கு."

"உங்க வீட்ல யாருண்ணே போயிருக்கா?" என்றார்.

"தம்பி. முருகேசு."

"முருகேசு வீட்டுக்கு" என்று உரக்கச் சொல்லி என் குவளையில் ஊற்றினார். என்னால் குடிக்க முடியவில்லை. அவன் போய் எட்டு மாதம். வள்ளி வழக்கத்தால் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நான் பயத்தால் சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஒருவர்தான் அவனை உயிரோடு இருப்பவனாகக் கூப்பிட்டார்.

மாலை ஐந்துக்கு ரயில். ஜொகூர் பாலம் தாண்டும்போது அவன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நாளைக்குக் கரண்டியை வள்ளி கையில் கொடுத்துவிட்டு, அவள் தன் பங்கை ஊற்றும்போது பக்கத்தில் நின்று "முருகேசு வீட்டுக்கு" என்று நான் சொல்ல வேண்டும். குரல் உடையாமல் சொல்ல வேண்டும்.