பெட்ரோல் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதில் என் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. அருவாமனையோ ஆட்டோவோ, எதுவானாலும் அள்ளி அப்பிவிடுவாள். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வந்து வளர்த்தவர்கள் மாமாவும் அவளும்தான். அடையாறில் ஒரு பங்களாவின் தோட்டத்தை மாமா பார்த்துக்கொண்டார். பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை. பக்கத்துத் தெருவில் என் பள்ளிக்கூடம்.

அந்தப் புல்வெளிக்கென்று ஒரு குட்டி டிராக்டர் இருந்தது. அடியில் கத்தி சுழன்று புல்லை வெட்டும். மகா கிழம். ஆனால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் மாமாவுக்குக் கலெக்டர் மிடுக்கு வந்துவிடும்.

ஒரு வருடம், பூஜைக்கு மறுநாள், கொஞ்ச தூரம் ஓடிய டிராக்டர் இருமி நின்றுவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரில்தான் கோளாறு என்று மாமா அடித்துச் சொன்னார். அதைக் கழற்றித் தாம்பாளத்தில் பரப்பி, கழுவி, ஊதி, திரும்ப மாட்டினார். பெட்ரோல் ஊற்றிக் கிளப்பினால் ஓடும். பாதிப் புல்வெளியில் நின்றுவிடும். மறுபடி தாம்பாளம், மறுபடி ஊதல்.

பங்களாக்காரர் பொறுமை இழந்தார். சனிக்கிழமை அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, மெஷினோடு வருகிற வெளியாட்களை வைத்துக்கொள்ளப்போவதாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் அறை போகும், அறை போனால் என் பள்ளிக்கூடமும் போகும். அத்தை அன்று சோற்றைத் தொடவில்லை.

வேறு கார்புரேட்டர் தேடி மாமா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குப் பஸ் ஏறினார். அவர் போனதும் அத்தை டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று இழுத்தது. திடுக்கிட்டு மூடியைக் கண்ணருகே கொண்டுபோனாள். காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் இறங்குவதற்காக அதன் நடுவிலிருந்த சின்னத் துளையை அவள் வைத்த சந்தனம் அடைத்துக் காய்ந்து கிடந்தது.

"ஐயையோ, குக்கர் ஓட்டய அடச்சா மாதிரி கீதே!"

ஹேர்பின்னால் குத்திச் சுத்தம் செய்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமாகிட்ட சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

மாமா ஒரு பழைய கார்புரேட்டரைக் கைக்குழந்தையைப்போல ஏந்தி வந்து மாட்டினார். டிராக்டர் புல்வெளி முழுவதையும் சுற்றி வந்தது. பங்களாக்காரர் மாடியிலிருந்து கைதட்டினார். "உங்க மாமன் கை பட்டா எது ஓடாது?" என்று அத்தை என்னிடம் சத்தமாகச் சொன்னாள். சந்தன விஷயத்தை நான் மாமாவிடம் சொல்லவே இல்லை.

நான் அதே பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தேன். இன்று நான் உட்கார்ந்து சம்பாதிக்கிற நாற்காலி அவர்கள் இருவரும் போட்டது.

டிராக்டர் நின்றுபோனதற்கு அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அத்தை சந்தனக் கிண்ணத்தோடு டிராக்டர் பக்கம் போகாமலே நின்றாள். மாமா அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, பெட்ரோல் மூடியில் துளையை விட்டுத் தள்ளி, ஓரமாக ஒரு பொட்டு வைத்தார்.

"இன்னா மாமா, கோணலா வெக்கிற?" என்று நான் சிரித்தேன்.

"அதுவும் மூச்சு வுட வாணாமா?" என்றார், அத்தையைப் பார்க்காமல்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பொட்டு கோணலாகிவிட்ட கோபம் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.