மாதா நின்ற கதவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். திருவிழா மலர் போடும் தம்பிகள் வருடா வருடம் வீட்டுக்கு வந்து, "உங்க வண்டில நடந்த அற்புதத்த ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்பார்கள். கண் சரியில்லை, படித்ததே எட்டாவது என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த வருடம் கோயில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை அந்தக் கதையை ஒப்பித்ததைக் கேட்டேன். நடுராத்திரியில் வெளிச்சம் இறங்கியதாம். மாதா தன் நீல முக்காட்டை விரித்து ஓட்டை வண்டிக்குத் தரை போட்டாளாம். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. என் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. காசிமேட்டில் ஏற்றி வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் இறக்குவேன். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின்பக்கத் தரையில் நின்று நின்று, அந்த இரும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. மேலே தார் பூசியிருந்ததால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்ததையும் நான் பார்க்க விரும்பவில்லை.

எங்கள் மகள் கைக்குழந்தையில் காமாலை வந்து பிழைத்தபோது, திருவிழாவில் மாதா சுரூபத்தை, அந்தச் சிலையை, எங்கள் வண்டியில் ஏற்றுவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் வண்டியில்தான் சப்பரம். ஆறு வருடம் எங்கள் பெயர் வரவில்லை. ஏழாவது வருடம் வந்தது. அன்று அவள் அழுததை நான் மறக்கவில்லை. வண்டியில் பழுது என்று சொன்னால் அடுத்த சீட்டுக்காரருக்குப் போய்விடும். அப்புறம் எப்போது வருமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மீன் வண்டியில் மாதாவை ஏற்றுவதென்றால் மூன்று நாள் மீன் ஏற்றக் கூடாது, வாடை போகக் கழுவ வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, சோடா உப்பு போட்ட வெந்நீரை ஊற்றினேன். புளியைப் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் வாடை போகவில்லை. பக்தி மிகுதியில் கொத்தனார் கரண்டியை எடுத்துச் சுரண்டினேன். தாரும் செதிலும் துருவும் அப்பளம் அப்பளமாகக் கிளம்பி வந்தன. சுரண்டச் சுரண்ட, கீழே ரோடு தெரிந்தது.

எதிர் வீட்டு மீன்கார அக்கா கூடையோடு வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"அடப்பாவி! தரை எங்கடா? இதுல ஏத்துனா மாதா நடந்துதான் வரணும்!"

"சும்மா இரு அக்கா, கத்தாத."

"நான் கத்தல தம்பி. உன் வண்டிதான் வாயப் பொளந்துகினு கீது."

அவள் போனதும் என் மனைவியிடம் சொன்னேன், பலகையைப் போட்டு மேலே சிவப்பு விரிப்பு விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று.

"மாதாவுக்குமா தெரியாது?" என்று கேட்டாள். "எனக்குக் கூட ஆசைதான்யா. அதுக்காக மேல நிக்கிற ஆளுங்கள ஓட்டைல வுடுவியா? போ, வெல்டிங்கார அண்ணாவாண்ட போ."

அந்த வெல்டிங்காரர் வியாசர்பாடிக்காரர், புத்த மதத்தைச் சேர்ந்தவர். திருவொற்றியூரில் பட்டறை. என் வண்டியின் ஒவ்வொரு ஒட்டும் அவர் கை பட்டது. இனி அவன் என்றே எழுதுகிறேன், அவ்வளவு தோஸ்து.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவன் சுத்தியலை எடுத்து வண்டித் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"இது தரை இல்ல மாமு, வெறும் தாரு."

"ஒரு ஒட்டுப் போட்டுக் குடு நைனா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்குனா போதும்."

"எத்தினி பேரு மேல ஏறுவாங்க?"

"சுரூபத்தப் புடிச்சிகினு நாலு பேரு."

"அப்ப ஒட்டுப் போட மாட்டேன். நாலு பேரு காலு உள்ள போனா யாரு பதில் சொல்றது? நீயா, உங்க மாதாவா?"

புதுத் தகடு வேண்டும். அன்று ஏதோ ஸ்டிரைக், இரும்புக் கடைகள் எல்லாம் அடைப்பு. கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிடுவோம், சப்பரம் வேறு வண்டியில் போகட்டும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது?

அவன் கொஞ்ச நேரம் பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டேப்பை எடுத்துப் போய்த் தன் கதவை அளந்தான். இரட்டைக் கதவு, கனமான தகடு, நீலப் பெயின்ட். அவனே ஆசையாக அடித்த நீலம். அவன் தெருவில் அவன் சனங்கள் ஏற்றிய கொடியின் நீலம். உள்பக்கம் ஒட்டியிருந்த புத்தர் படத்தை ஓரம் கிழியாமல் உரித்து எடுத்து, உள் சுவரில் மாட்டினான்.

"இன்னா பண்ற நீ? கதவு இல்லாம எப்டி?"

"உள்ள இன்னா கீது திருட? இந்த வெல்டிங் செட்டத் தூக்கினு ஓடுறதுக்கே நாலு பேரு வேணும். பேஜாரு பண்ணாம அந்தப் பக்கம் புடி."

உதவி ஆள் அன்று வரவில்லை, அதனால் நானே பிடித்தேன், இரண்டு கதவையும் கழற்றி இறக்கினோம். பேட்டரி வயரைக் கழற்றினோம், டீசல் டாங்கின் மேல் ஈரச் சாக்கைப் போட்டோம். பழைய தரையை வெட்டி எடுத்தான். பட்டறையில் மிச்சம் கிடந்த இரண்டு புது இரும்பு ஆங்கிளை அடியில் குறுக்கே வைத்தான். இரண்டு கதவையும் அதன் மேல் கிடத்தி, நீலம் கீழே போகும்படி திருப்பினான். மேல்பக்கத்தைத் தேய்த்துச் சிவப்பு பிரைமர் அடித்தான். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. நடுராத்திரியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெல்டிங் வெளிச்சம்தான் இருந்தது. அதைப் பார்த்து என் கண்தான் எரிந்தது.

ஞாயிறு காலை கோயில் கமிட்டிப் பெரியவர் வண்டியைப் பார்க்க வந்தார். மீன்கார அக்கா ஓட்டையைப் பற்றி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தாள். அவளும் கூடவே வந்தாள். தரையைப் பார்த்தாள். அடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏசுவே! நேத்து இதுல ரோடு தெரிஞ்சிச்சுங்க! இன்னிக்கி அடில மாதா முக்காடு மாதிரி நீலமா கீதுங்க!" என்று நடுத்தெருவில் முழங்கால் போட்டுவிட்டாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்து, "இன்னாப்பா, யார் செஞ்சது?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகிவிடும்? தரை நன்றாகத்தான் இருந்தது, சீட்டு போயிருக்காது. ஆனால் எல்லோரும் கை கூப்பி நிற்கும்போது எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. "எல்லாம் மாதாதான்" என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் சப்பரம் போனது. நாலு பேர் மேலே நின்றார்கள். தரை ஒரு முனகல்கூட முனகவில்லை. என் மனைவியின் நேர்ச்சை நிறைவேறியது. ஜெபமாலையோடு வண்டிக்குப் பின்னால் வெறுங்காலில் நடந்து வந்தாள். சந்து முனையில் என் வெல்டிங் தோஸ்து நின்றிருந்தான். கூட்டத்தில் எல்லோரும் சுரூபத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவன் மட்டும் உட்கார்ந்து, குனிந்து, வண்டிக்கு அடியில் தன் ஒட்டைப் பார்த்தான். எழுந்து எனக்குத் தலையாட்டினான்.

மறுவாரம் பட்டறைக்குப் போனேன். வாசலில் சாக்குப்படுதா தொங்கியது. கட்டிலைக் குறுக்கே போட்டு அங்கேயே படுத்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வேறு தகடு நானே கொண்டுபோனேன். ஊரில் பேசுவதைச் சொன்னேன், நான் சொன்னதையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உங்க மாதாவே வெல்டிங் அடிச்சா என் பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது?" என்றான். கொஞ்சம் கழித்து, "நீலத்தையுமா எடுத்துக்கினாங்க?" என்று கேட்டான். அதைக் கேட்கும்போது அவன் சிரிக்கவில்லை.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொல்லிவிட்டேன். அது ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில். ஊருக்கும் அவனுக்கும் சொல்ல வேண்டியது பாக்கியாகவே நின்றது. போன மாதம் அவனிடம் போய், எழுதப் போகிறேன் என்றேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "எழுது மாமு, கதவு நீலம்னு கரெக்டா எழுது" என்றான்.

அவனை எனக்குக் கொடுத்தது மாதா என்று நான் நம்புகிறேன், தினமும் அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கதவைக் கழற்றியவன் அவன். மலரைப் படிக்கிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அடுத்த பங்குக்காரர்களுக்கும் சொல்லுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் ஓட்டையை மறைக்கப் பார்த்ததையும், பெருமைக்காகப் பொய் சொன்னதையும் என் மரியாதைக்காக விட்டுவிட வேண்டாம். வெளிச்சம் எதுவும் சேர்க்க வேண்டாம். அந்த நீலம் யாருடைய கதவின் நீலம் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.