மேனேஜர் ஜெரால்டின் ‘ங்க’

எங்கள் கம்பெனி மேனேஜர் ஜெரால்டைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பள்ளிபாளையத்தில் துண்டும் பெட்ஷீட்டும் தைத்து அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் அத்தாயி, செக்கிங். பிசிறு, கோணல் எது இருந்தாலும் பார்த்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தாலும் ஜெரால்டிடம் ஒரே ஒரு கோணல்தான். அது வாயில் இருந்தது.

மனுசன் ஆத்தூர்ப் பக்கம். மிஷின் நின்றுவிட்டால் மெக்கானிக்குக்குக் காத்திருக்க மாட்டார், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே கழற்றி மாட்டுவார். லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். மடிப்பு வேலை பார்க்கும் கௌசியா மயங்கி விழுந்த அன்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், குளுக்கோஸ் இறங்கி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரி. முடிந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? “ஏய் கௌசியா, ஆச்சில்ல, எந்திரி.” அவள் பேரன் எடுத்தவள்.

தொட்டிலில் கிடக்கிற குழந்தையையே “வாங்க சாமி, பால் குடிங்க” என்று கொஞ்சுகிற ஊர் இது. சண்டை போட்டாலும் “உங்க மூஞ்சில முழிச்சா வெளங்குமுங்களா” என்றுதான் கேட்போம். இங்கே வந்து ‘எந்திரி’ என்றால் யார் இருப்பார்கள்? ஆனால் ஏன் போகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டோம், அது எங்கள் கெட்ட பழக்கம். “ஊட்டுல கொஞ்சம் சோலிங்க, வாரேனுங்க” என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். பாலம் தாண்டினால் ஈரோடு, அங்கே இதுமாதிரி கம்பெனி ஏராளம். ஜெரால்ட் பாவம், வாரேன் என்றவர்கள் வருவார்கள் என்று நம்பி அவர்கள் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி ஆர்டர் வந்த நேரத்தில் பாதி மிஷின் காலி. முதலாளி ரஹமத்துல்லா வந்து சுற்றிப் பார்த்தார். என் மேசைப் பக்கம்தான் நின்று பேசினார்கள், அதனால் காது கொடுக்காமலே கேட்டது. கொஞ்சம் கொடுத்தேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏனுங்க ஜெரால்டு, இனி ஒரு டெய்லர் போனாலும் சரக்கு போய்ச் சேராதுங்க. அப்படி ஆச்சுன்னா நீங்களும் வேற எடம் பாத்துக்கறது நல்லதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“ரொம்ப தேங்க்ஸ் முதலாளி” என்றார் ஜெரால்ட். முதலாளியின் கார் கேட்டைத் தாண்டின பிறகுதான், தன் வேலைக்கே வேட்டு என்று அவருக்கு உறைத்தது. ஜூன் மாதம்தான் மனைவி நான்சியை இங்கே குடிவைத்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

“அத்தாயி, நான் என்னா கொறை வெச்சேன்? ஏன் எல்லாம் போவுது?” என்று கேட்டார்.

“இப்படிக் கேக்கறதுனாலதானுங்க” என்றேன். “போவுதுன்னா மாடு போவுதுங்க. மனுசங்க போறாங்க. பேசறப்பக் கடைசீல ஒரு ‘ங்க’ போடுங்க. செலவில்லாத சமாச்சாரம்.”

பழுதான மிஷினுக்குப் புது சாமான் கிடைத்ததுபோல் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் “நான்சி, சோறு போடுங்க” என்றாராம், அந்தப் பெண் பதறி நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்ததாம். கம்பெனியில் “கரண்ட் போச்சுங்க”, “கத்திரி எங்கங்க”, போனை எடுத்தால் “ஹலோங்க”. கௌசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். ஆனால் அந்த வாரம் யாரும் போகவில்லை.

மிச்சம் இருந்த கவலை சௌந்திரம்தான். எங்கள் வரிசையிலேயே கைவேகம் உள்ள டெய்லர் அவள். ஈரோட்டுக் கம்பெனி அவளைக் கூப்பிட்டுவிட்டது, சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணிப் பதில் கேட்பதாகச் சொல்லியிருந்தது. இது எனக்கும் தெரியும், ஜெரால்டுக்கும் தெரியும். அவள் போனால் அவரும் போகவேண்டியதுதான்.

அன்றைக்குப் பார்த்து அவள் தைத்த பெட்ஷீட் ஒரு கட்டு முழுக்க ஓரம் கோணல். நான் திருப்பித் தள்ளினேன். ஜெரால்ட் வந்து பார்த்தார். கோபம் வந்தால் அவர் எப்போதும் வைகிற பழைய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. பாதியில் ஞாபகம் வந்து அவசரமாக வாலில் ஒட்டினார்.

“என்னங்க தைக்கிறீங்க, கழுதைங்க!”

எல்லா மிஷினும் நின்றது. ‘ங்க’ மரியாதைக்கும் வரும், கூட்டத்துக்கும் வரும். சௌந்திரம் ஒருத்திக்கு அவர் கொடுத்த மரியாதை, வரிசை முழுவதையும் கழுதையாக்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் தைக்கிறவள்கூட இல்லை, எனக்கும் சேர்த்து விழுந்ததே! சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எல்லோரும் கேட்டுக்கு நடந்தோம்.

ஜெரால்ட் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். “நில்லுங்க! சௌந்திரத்த மட்டும்தாங்க சொன்னேன். மத்தவங்க யாரும் கழுதை இல்லைங்க!”

“அப்ப நான் மட்டுமுங்களா?” என்றாள் சௌந்திரம்.

“ஐயோ, உங்களுக்குக் குடுத்தது மரியாதைங்க!”

முதலில் கௌசியாதான் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தோம், வாட்ச்மேன்கூட. சௌந்திரம் மட்டும் சிரிக்கவில்லை.

“மேனேஜருங்க, ‘ங்க’ இல்லாட்டிப் போச்சாது, உடுங்க. மொதல்ல அந்தக் கழுதைய எடுங்க.”

ஜெரால்ட் கழுத்து டேப்பைக் கழற்றிக் கையில் சுற்றினார். பிறகு மெதுவாக, “எனக்கு வேலை கத்துக்குடுத்தவங்க எல்லாம் என்னை அப்படித்தான் கூப்புட்டாங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்றார். இத்தனை நாள் இந்த மனுசன் தான் வாங்கினதைத்தான் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாரா?

சௌந்திரம் அசையாமல் நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி சொன்னார்: “சௌந்திரம், ஓரம் கோணலா இருக்கு. பிரிச்சுத் தைக்கணும். நானும் கூட உக்காந்து பிரிக்கறேன்.”

அதில் ஒரு ‘ங்க’ இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை. சௌந்திரம் திரும்பி உள்ளே நடந்தாள், நாங்களும் பின்னால் போனோம்.

சாயங்காலம் அவள் போன் அடித்தபோது ஜெரால்ட் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தார். ஈரோடு என்று புரிந்ததும் கத்திரி நின்றுவிட்டது. அவர் தலை நிமிரவில்லை. நானும் பார்த்து முடித்த துண்டையே திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க, நான் வரலீங்க” என்றாள் சௌந்திரம் போனில். “இங்க ஒருத்தருக்கு இப்பத்தான் பேசப் பழக்கிக் குடுத்துட்டிருக்கறமுங்க. பாதியில உட்டுட்டு வந்தா பாவமுங்க.”