லைன் ஓரத்தில் சிவப்புக் குடை

குன்னூரில் நான் சேர்ந்த கேமரா கிளப்பில் மேகமூட்டம் இறங்கினால் கைதட்டுவார்கள். பிரமாதம், பிரமாதம் என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். முதல் தடவை பார்த்தபோது யாருக்கோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மலை ரயில் பாதையில் முப்பத்தொரு வருஷம் கேங்மேனாகவும் கீமேனாகவும் நடந்தவன் நான். கீமேன் என்றால் தன் பங்குக்கு உள்ள தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்ததை அடித்து இறுக்குகிறவன். மேகம் இறங்கினால் எங்களுக்குக் கண் போன மாதிரி. பத்தடிக்கு அப்பால் பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா, தெரியாது. காதை வைத்துத்தான் நடக்க வேண்டும். விழுந்த பாறையைத் தூக்காதவனுக்கு மேகம் அழகுதான்.

அக்கரையில், சிலோனில் அட்டன், நானுஓயாப் பக்கம் இருக்கிற நம்ம சனங்களுக்கும், இக்கரையில் கோத்தகிரி, கூடலூர் என்று சிதறிக் கிடக்கிற நம்ம சனங்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு சரி. நீட்டி எழுத வராது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்தாள். வேலை முடிந்த பிறகும் கால் சும்மா இருக்காது; பாதை ஓரமாகவே நடப்பேன். வண்டியைப் படம் எடுத்தேன். அவள் அதை எல்லாம் நெட்டில் போட்டாள். கிளப்காரர்கள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர்தான் தலைவர். அவர் பங்களாவில் கூட்டம். 'மிஸ்டர் ராமையா, ரெயில்வே போட்டோகிராபர்' என்று அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டினார்கள். என் படங்களைச் சுவரில் ஒளியடித்துக் காட்டினேன். எல்லாம் சக்கரம். எஞ்சின் முகம் எங்கே, புகை எங்கே என்று கேட்டார்கள். வண்டி போகும்போது லைன்காரன் முகத்தைப் பார்க்க மாட்டான், சக்கரத்தைப் பார்ப்பான், எதுவும் தொங்குகிறதா, உரசுகிறதா என்றுதான் பார்ப்பான் என்று சொன்னேன். சிரித்தார்கள். என்னை எதற்குச் சேர்த்தார்கள் என்பது இரண்டாம் கூட்டத்தில் விளங்கியது. எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கலாம், இதுதான் அவர்களுக்கு வேண்டும். அட்டையில் வழிகாட்டி என்று அடித்திருக்கலாம். அச்சுக்கூலி குறைந்திருக்கும்.

பிறகு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். நாற்காலி. அதுதான் உண்மை. நானுஓயாவில் நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர், ரயிலுக்குக் கோச்சி. லயத்துக்குக் கீழே கோச்சி போகும், மேலே துரை பங்களா. அப்பா அந்தப் படிக்கட்டுக்குக் கீழே துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது, கப்பல் ஏறிய அன்று அவர் சொன்னார்: "அங்க நம்ம நாடுடா. யார் முன்னுக்கும் நிக்க வேண்டியதில்ல." கரை இறங்கியதும் மண்டபம் முகாமில் அரிசிக்கு நின்றோம். இந்த மலையில் அரசுத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே துரைக்கு ஆபீசர் என்று பெயர். அப்பா அவர் முன்னாலும் நின்றார். சாகிற வரைக்கும் நின்றார். அவர் மகனை ஒரு பங்களாவுக்குள் கூப்பிட்டு, மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டி, உட்காருங்க மிஸ்டர் ராமையா என்றால் என்ன செய்வான்? உட்கார்ந்தேன். சர்க்கரை இல்லாத டீயையும் குடித்தேன்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. ரன்னிமேடு ஸ்டேஷனுக்கு மேலே ஒரு வளைவு, இரண்டு பக்கமும் தேயிலை. ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பங்குக்குக் கீமேன் செல்வம். காரமடைப் பையன், எனக்குக் கீழே வேலை பழகியவன். சுத்தியலோடு வந்தான்.

"என்னுங்ணா, கல்யாணப் பார்ட்டியாட்ட கூட்டிட்டு வந்திருக்கறீங்க?"

"கிளப்புப்பா. ஓரமா நிப்பாங்க."

"லைனுக்குள்ள யாரையும் உடக்கூடாதுங்கறாங்க. உங்களுக்குத் தெரியாததா. நீங்க இருக்கறீங்கன்னு உடறனுங்ணா." சொல்லிவிட்டு நடந்து போய்விட்டான்.

பெங்களூரில் இருந்து வந்து இங்கே பங்களா வாங்கியிருக்கும் பிரீத்தா மேடம் பையில் இருந்து ஒரு சிவப்புக் குடையை எடுத்தார். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு இருந்தால் படம் தூக்கும் என்பது கிளப்பின் வேதவாக்கு. வண்டி வரும்போது வளைவில் நின்று குடையைத் தலைக்கு மேல் ஆட்டப்போகிறாராம். மற்றவர்கள் எடுப்பார்களாம்.

"மேடம், சிவப்பு வேணாங்க. லைன் ஓரத்துல சிவப்பு ஆட்டுனா வண்டி நின்னுரும்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "வண்டி நின்னுடுமா? கர்னல், கேட்டீங்களா? லோக்கல் நம்பிக்கை! எங்க வீட்டு குக்கும் இப்படித்தான், பூனை குறுக்க போனா கார் நின்னுடும்பா. ராமையா, இதை அப்படியே போன்ல சொல்லுங்களேன், படத்துக்குக் கீழே எழுதணும்."

"நம்பிக்கை இல்லீங்க. ரூலு."

"ஸோ ஸ்வீட்," என்றார்.

எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் கோச்சி போகும் பக்கம் சிவப்புத் துணி காயப்போட மாட்டாள். ஒருத்தியும் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் சொல்லத் தெரியும். இங்கே எட்டுப் பேர் கழுத்தில் லட்ச ரூபாய்க் கேமராக் கண்ணாடி தொங்குகிறது. சிவப்பு என்றால் நில் என்பது தெரியவில்லை. அவர்கள் கார் ஓட்டுகிற ரோட்டிலும் அதே சிவப்புதான் எரிகிறது. நான் அந்தக் குடையைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. ஒரு நாற்காலிக்காகச் சும்மா இருந்தேன். கீழே இறங்கி, சக்கரம் தெரிகிற என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். முன்பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் வண்டிக்குக் கண். அவர் வளைவைத் திரும்பினார். மேடம் குடையை ஆட்டினார். "இன்னும் வேகமா! இன்னும்!" என்று கர்னல் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்தினார். இரண்டு கையைத் தூக்கினாலும் நில் என்றுதான் அர்த்தம். அந்தக் குறையையும் அவர் வைக்கவில்லை. பிரேக்ஸ்மேன் பின்னால் எஞ்சினுக்குத் தெரியும்படி சிவப்புக் கொடியை நீட்டினார். ஏற்றத்தில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. உள்ளே குழந்தைகள் அலறின. கிளப்புக்குக் கொண்டாட்டம். நின்ற வண்டியை ஆசை தீர எடுத்தார்கள். பிரேக்ஸ்மேன் குதித்து ஓடி வந்தார். "என்னய்யா? மண்ணு சரிஞ்சிருச்சா? தண்டவாளம் போச்சா?" மேடம் அவரிடம், குடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிற்க முடியுமா என்று கேட்டார். அவர் சொன்ன பதிலை எழுத முடியாது. நானும் ஒரு படம் எடுத்திருந்தேன். கை பழக்கம்.

மூன்றாம் நாள் செல்வம் என் வீட்டுக்கு வந்தான். முகம் செத்திருந்தது.

"கர்னல் சாரு ஆபீசுக்கு லெட்டரு குடுத்திருக்காருங்ணா. போட்டா எடுக்கறதுக்காக நாந்தான் செவப்புக் கொடி காட்டி வண்டிய நிறுத்திக் குடுத்தனாமா."

"நீ அங்கயே இல்லையேடா."

"அத யாரு சொல்றது? வளைவுல செவப்பப் பாத்தன்னு மட்டுந்தான் பிரேக்ஸ்மேனு எழுதிக் குடுத்திருக்காருங்ணா. சஸ்பெண்டுன்னு பேசிக்கறாங்க. குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொன்னா ரெண்டு புள்ளைகள வெச்சுட்டு எங்கீங்ணா போவேன்?" என்னை நம்பித்தான் அவர்களை லைனுக்குள் விட்டேன் என்று அவன் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

கர்னல் பங்களாவுக்குப் போனேன். உட்காருங்க என்றார். நின்றேன். மிஸ்டர் எல்லாம் போய்விட்டது.

"ராமையா, நீ ஏன்ப்பா இதைப் பெருசு பண்றே? அவனுக்கு ஒரு வார்னிங் குடுப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் சகஜம். பிரீத்தா பேர் வெளியே வந்தா எவ்வளவு அசிங்கம்? நீ எடுத்த படத்தை அழிச்சுடு. நீ நம்ம கிளப் மெம்பர்."

"அவன் அங்க இல்லீங்க."

"இருந்திருக்கணும் இல்ல?"

எதிரியிடம் இருந்து மலையைக் காப்பாற்றியதாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவார். ஒரு குடைக்காரியைக் காப்பாற்ற ஒரு கீமேனைத் தள்ளிவிடப் பார்த்தார். கழுத்து அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டு நாய்கூட எழுந்திருக்கவில்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு செக்‌ஷன் இன்ஜினியரிடம் போனேன். இளவயதுக்காரர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கீழே சக்கரம், மேலே பிரேக்ஸ்மேன் நீட்டிய கொடி, வலது பக்கம் குடை, அதற்குப் பின்னால் கை இரண்டையும் தூக்கிய கர்னல். செல்வம் எங்கும் இல்லை.

"இது யாருங்க, குடையை வெச்சுட்டு கரகம் ஆடறது?"

பெயரைச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"செல்வத்தை விட்டுரலாம். ஆனா கூட்டிட்டு வந்தது யாரு?"

"நானுங்க."

"நீங்களும் லைனுக்குள்ள நின்னிருக்கீங்க. இது உங்க கேமரா. படமே சாட்சி."

"ஆமாங்க."

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். கிளப்காரர்களும் நானும் இனிப் பாதைக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் கேஸ் என்று ஆபீசில் ஒரு காகிதம் போட்டார்கள். அதில் கையெழுத்தும் போட்டேன். கர்னலுக்கும் எனக்கும் ஒரே காகிதம், ஒரே வரி. அந்த வரியில்தான் நாங்கள் இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்தோம். அன்று மாலையே வாட்ஸப் குரூப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். செல்வம் மறுநாள் வேலைக்குப் போனான்.

இப்போது காட்டேரிப் பக்கம் ரோட்டோரத்தில், பாதையின் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். போன வாரம் வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஒரு போன் நீண்டிருந்தது. எல்லாம் என்னை எடுத்தன. குரங்குத் தொப்பி, ஸ்வெட்டர், பின்னால் தேயிலை. எந்த ஊர் போனில் எல்லாம் நான் ஊட்டி மலைக்காரனாக இருக்கிறேனோ. குடியிருக்கிற தெருவில் நான் சிலோன்காரர். அட்டனில் என் அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியாத் தாத்தா. கம்பிக்கு உள்ளே செல்வம் நின்றான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, முறைப்படி பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தான். அப்போதுதான் கவனித்தேன், கம்பிக்கு வெளியே என் கையும் அதே மாதிரி நீண்டிருந்தது. வெறுங்கை. ஜன்னலில் இருந்தவர்கள் நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துத் திருப்பிக் காட்டிக்கொண்டே போனார்கள்.