அந்தச் சொல்லைக் கேட்டால்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் தட்டிப் பார்ப்பார். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உள்ள காத்து நிக்குது. ஆறு மாசத்துல கல்லு பேந்துடும்" என்பார். விருந்துக்குப் போன வீடென்றாலும் இதே கதைதான். வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "யோவ், சாப்பிட வந்த இடத்துல கையைக் கட்டிக்கிட்டு இருய்யா" என்று கூட வந்த பிளம்பர் இவர் தொடையில் கிள்ளுவார்.

டைல்ஸ் பதிக்கிறவர். வயது நாற்பத்து மூன்று. காலையில் முழங்காலில் கட்டுகிற ரப்பர் பட்டை சாயங்காலம் வரை அவிழாது. அதனால் 'முட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் நான்கு மூலையிலும் செல்லமாகத் தட்டி, ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். உள்ளே குமிழி மயிரிழை தள்ளி நின்றாலும் போயிற்று, பதித்த கல்லைப் பெயர்த்துவிடுவார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். "ஒரு ஓரம் தூக்கிட்டு நிக்குது சார். முட்டி போட்டா குத்தும்" என்பார் இவர். "இந்த வீட்ல யாருய்யா முட்டி போடப் போறா?" என்று மேஸ்திரி கேட்டு முடிப்பதற்குள் கல் பெயர்ந்திருக்கும்.

இவர் வளர்ந்த இடத்தில் எல்லாரும் முட்டி போட்டார்கள். தகப்பன் செத்த மறுவருடம், இவருக்கு ஒன்பது வயதில், அம்மா இவரைக் கூட்டிக்கொண்டு அங்கே குடியேறினாள். ஊருக்கு வெளியே உயரமான மதில், உள்ளே இருநூறு பேர், ஒரே ஒரு குரு. அந்தக் குருவை மட்டும்தான் அங்கே அப்பா என்று கூப்பிடலாம். பெற்ற தகப்பனே பக்கத்தில் நின்றாலும் அண்ணன் என்றுதான் சொல்ல வேண்டும். குருவின் கார் சத்தம் கேட்டதும் வாசலில் நிற்கிறவன் "அப்பா!" என்று கத்துவான். அடுத்த நொடி இருநூறு பேரும் மண்டியிட்டுத் தலையைக் குனிய வேண்டும். கடைசியாக விழுந்தவர் மதியம் வரை எழுந்திருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடம் இப்படி. அந்த மண்டபத்துக்குத் தரை போட்டதும் இவர்தான். கூலி கிடையாது, தொழில் படிந்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துபோயிற்று. அப்புறம் தினமும் கடைசியாக விழுவது அவள்தான். ஒருநாள் இவர் எழுந்து போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான் செய்த குற்றம். அன்று மாலைக்குள் ஆளை மதிலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அப்பா கால்ல விழுந்து மன்னிப்பு கேளுடா" என்றாள் அம்மா. "நீ வெளிய வாம்மா" என்றார் இவர். அவள் வரவில்லை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் அழுவதில்லை.

கட்டி முடிக்காத ஒரு கட்டிடத்தில் சிமெண்ட் மூட்டைமேல் சுருண்டு கிடந்தவரை எழுப்பிச் சோறு வாங்கிக் கொடுத்தவர் பிளம்பர். வேலைக்கும் சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள், அந்த வீட்டுக்காரர் மகன் உள்ளேயிருந்து "அப்பா!" என்று கத்தினான். தோளில் டைல்ஸ் பெட்டியோடு போய்க்கொண்டிருந்த மனிதர் தொப்பென்று மண்டியிட்டார். ஒரு பெட்டிக் கல்லும் சுக்குநூறு. "என் பைப் தண்ணிதான் சார், வழுக்கிடுச்சு" என்று பிளம்பர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாகப் பாரத்தை இறக்கினால் 'அப்பாடா' என்று உட்காருகிற ஆள் அவர். விவரம் தெரிந்ததிலிருந்து அதை விட்டுவிட்டு 'அம்மாடியோவ்' என்கிறார். "இந்த ஆளுக்காக நான் மூச்சு விடுறதையே மாத்திக்கிட்டேன், தெரியுமா?" என்று ஊரெல்லாம் அலுத்துக்கொள்வார்.

கடவுள் பேச்சை எடுத்தால் முதலில் எல்லாம் இவர் எழுந்து போய்விடுவார். இப்போது வேலை முடிந்து மற்றவர்கள் கீழே இறங்கியதும், காயாத தரையை ஒதுங்கித் தாண்டி ஜன்னலோரம் போய் நிற்கிறார். மண்டியிடுவதில்லை, நின்றபடிதான். "கடவுளே, நீ அந்த ஆளு இல்லதானே?" பிரார்த்தனை மொத்தமும் இவ்வளவுதான். பதில் வந்ததா என்று பிளம்பர் ஒருநாள் கிண்டினார். "இன்னும் வரல. ஆனா கேட்டதுக்கு அடிக்கல" என்றாராம்.

திரைச்சீலை தைக்கிற பெண்மணி ஒருவர் ஜன்னல் அளவெடுக்க வந்தார். இவர் தரையைத் தட்டுவதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தானும் குனிந்து, காதை வைத்து, "ஆமாங்க, இது வேற மாதிரி கேக்குது" என்றார். அத்தோடு மனிதர் காலி! போன வருடம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், பிளம்பர் சாட்சிக் கையெழுத்து. அந்த அம்மாளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, கல்யாணத்தன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து, "இனிமே அப்பான்னு கூப்பிடட்டுமா?" என்றாள். இவர் முழங்கால் மடங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "அது மட்டும் வேணாம்மா" என்றார். பாவம், குழந்தைக்கு என்ன தெரியும்? தன்னைத்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அன்றோடு மாமாவும் நின்றது. "அம்மா, அவங்களைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள், அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

மனைவிக்குக் கதை முழுக்கத் தெரியும். ஆனாலும் எத்தனை மாதம்தான் பொறுப்பார்? "உங்க வலி எனக்குப் புரியுதுங்க. ஆனா அவ ஏற்கெனவே ஒருத்தன் வேணாம்னு போட்டுட்டுப் போன பொண்ணு. நீங்களும் அப்படியே பண்ணா, நான் அவளைக் கூட்டிட்டுத் தனியாத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். மிரட்டல் இல்லை, அழுதுகொண்டே சொன்னார். மறுநாளே பிளம்பரிடம் போய் நின்றார் இவர். காலி வீட்டில் ஓர் அறையிலிருந்து பிளம்பர் "அப்பா!" என்று கத்த வேண்டும், அடுத்த அறையில் இவர் விழாமல் நிற்கப் பழக வேண்டும். இருபது தடவை கத்தினார், இருபது தடவையும் விழுந்தார். "எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்" என்றார் பிளம்பர்.

போன வாரம் மனைவிக்கு வேலை இழுத்துவிட்டது. பிள்ளையை அழைத்துவர முதல்முறையாக இவர் பள்ளிக்கூடம் போனார். சட்டையெல்லாம் வெள்ளைச் சிமெண்ட், முட்டிப் பட்டை பைக்குள். கேட்டில் நின்ற டீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு சார்? தெரியாதவங்களோட அனுப்ப மாட்டோம்." இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க இருங்க, அவ சொல்லட்டும். இவரு உனக்கு யாரும்மா?"

பிள்ளை டீச்சரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். பை வாரை முறுக்கினாள். பிறகு கேட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அப்பா" என்றாள்.

விழுந்துவிட்டார். நாலு பேர் பார்க்க, ஜல்லி குத்துகிற மண்ணில், தலையைக் குனிந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. யாரோ சிரித்தார்கள். யாரோ "என்னாச்சு?" என்றார்கள். எழுந்திருக்கக் கால் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது முன்னால் இரண்டு சின்ன ஷூக்கள். ஒன்றில் லேஸ் அவிழ்ந்து மண்ணில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலை அவள் அவர் தொடைமேல் தூக்கி வைத்தாள். அவர் இரண்டு முறை தப்பாகப் போட்டு, மூன்றாவது முறை முடிச்சைச் சரியாகப் போட்டார். மற்ற ஷூவின் லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் குனிந்து அதைத் தானே இழுத்து அவிழ்த்துவிட்டு, அந்தக் காலையும் நீட்டினாள்.