இரண்டு அங்குலம்

தையல்காரிக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. போதாக்குறைக்கு இன்சுலினும் உடம்பில் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டாக்டரம்மா ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதித் தந்து, "இடுப்பு குறையணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மாமியாருக்கோ அது பெருக்க வேண்டும். ஐந்து வருடமாக மருமகளின் வயிற்றைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கும் புண்ணியவதி!

மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது. போட்டிருந்த சட்டை தொளதொளத்தது. அதைப் பிடித்துத் தைக்கலாமென்று மெஷினருகே போனவளை மாமியார் பார்த்துவிட்டார். இடுப்பில் துணி உப்பியிருந்ததைக் கண்டதும் குரலில் தேன் ஒழுகியது.

"என்னம்மா, கொஞ்சம் பூசினாப்ல இருக்கே? மெஷினை மிதிக்காதே, உக்காரு."

"இல்ல அத்தை..." என்று வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.